சபுர் முடிந்தால் பிழைப்பும் முடிந்ததா?

கீழக்கரையோ கடையநல்லூரோ, அதிராம்பட்டினமோ கூத்தாநல்லூரோ, நம் ஊர்களில் எதை எடுத்துக் கொண்டாலும் இப்படிப்பட்ட மனிதர்களைப் பார்க்கலாம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். இருபது ஆண்டுகள் வளைகுடா வெயிலில் உழைத்து, தங்கைகளைக் கரையேற்றி, வீட்டைக் கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து ஊர் திரும்பியவர்கள். முதல் மாதம் வரவேற்பு. இரண்டாம் மாதம் விருந்து. மூன்றாம் மாதத்திலிருந்து பள்ளிவாசல் வாசலில் ஒரே கேள்வி: "எப்ப திரும்பப் போறீங்க காக்கா?" இனிப் போவதற்கில்லை என்று சொல்ல நா எழாமல், "பார்க்கலாம் தம்பி" என்று நகர்ந்து விடுகிறார்கள். சிலர் அந்தக் கேள்விக்குப் பயந்தே வெளியில் தலைகாட்டுவதைக் குறைத்துக் கொள்கிறார்கள்.

சம்பாதிக்கும் வரை "சபுராளி" என்று மரியாதை கொடுத்த சமுதாயம், சம்பாத்தியம் நின்ற மறுநாளே அவரை "சபுர் முடிஞ்சு வந்தவன்" என்று ஒருமையில் பேசுகிறதே, இது என்ன நியாயம்? அவருடைய கைகளில் இருந்த தொழில் எங்கே போயிற்று? இருபது ஆண்டு அனுபவம் விமான நிலையத்திலேயே தொலைந்து போயிற்றா?

நாற்பதுக்கு மேல் தொழிலை மாற்றிக் கொண்டு வெல்ல முடியுமா என்பதுதான் இன்று நம் முன் நிற்கும் கேள்வி. இது சபுராளிகளுக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. பஜாரில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் வணிகர்களுக்கும், அவர்களுடைய கல்லாவை நம்பிக் கல்லூரியில் படிக்கும் இளைஞர்களுக்கும் உரிய கேள்விதான்.

எந்தத் தொழிலும் ஆயுள் சாசனம் அல்ல!

நம் சமுதாயத்துக்குத் தொழில் மாற்றம் புதிதல்ல. வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1962 மார்ச்சில் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் மொத்த வணிகமும் கடைகளும் அரசுடைமையாக்கப்பட்டன. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ரங்கூனில் கோலோச்சிய தமிழ் வணிகர்கள், முஸ்லிம்களும் மற்றவர்களுமாக, உடுத்திய துணியோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பலர் நடுவயதைத் தாண்டியவர்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே சாலையோரத்தில் 1969ல் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அதுதான் பர்மா பஜார்! வெளிநாட்டுப் பொருட்களில் தொடங்கி, வீடியோ கேசட், சி.டி., செல்போன் என்று காலத்துக்குக் காலம் அந்தச் சின்னஞ்சிறு கடைகளில் சரக்கு மாறிக் கொண்டே வந்தது. கடை நின்றது.

வட ஆற்காட்டுத் தோல் தொழிலைப் பாருங்கள். பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்து வந்தவர்களுக்கு 1973ல் மத்திய அரசு கடிவாளம் போட்டது. முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருட்களையும் ஏற்றுமதி செய்யுங்கள் என்றது. "தொழில் போயிற்று" என்று தலையில் கை வைத்தவர்களும் உண்டு; புதிய இயந்திரம் வாங்கியவர்களும் உண்டு. பிறகு 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாத தொழிற்சாலைகள் இயங்கக் கூடாது என்றது. பாலாற்றங்கரையில் பல கதவுகள் மூடப்பட்டன. ஆயினும் அதே ஆம்பூர், அதே வாணியம்பாடி இன்று காலணிக்கும் தோல் பொருளுக்கும் உலகச் சந்தையில் பெயர் சொல்கின்றன. மாறியவர் நின்றார், மாறாதவர் சொத்தை விற்றார்.

வளைகுடா மட்டும் நிலையானதா? 1990 ஆகஸ்ட் 2ல் ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தது. அம்மானிலிருந்து 488 விமானப் பயணங்களில் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாயகம் கொண்டு வரப்பட்டார்கள். சவூதியில் 2011ல் நிதாகத் சட்டம் வந்தது. 2013ல் அது இறுகியபோது ஆயிரக்கணக்கானோர் எக்ஸிட் அடித்துக் கொண்டு ஊர் வந்தார்கள். 2016 செப்டம்பருக்குள் செல்போன் விற்பனை, பழுதுபார்ப்புக் கடைகள் முழுவதும் சவூதியர்களுக்கே என்றார்கள். 2017 ஜூலை முதல் உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் வரி; 2020ல் அது 400 ரியாலாகியது. 2018 செப்டம்பரில் தொடங்கி ஆடை, பாத்திரம், மின்னணுப் பொருள், கைக்கடிகாரம், வாகன உதிரிப் பாகம் என்று 12 வகைச் சில்லறைக் கடைகளில் வெளிநாட்டவருக்கு இடம் சுருங்கியது. 2020ல் கொரோனா வந்தது. மே 7ல் தொடங்கிய மீட்பு விமானங்களில் வந்தவர்களில் எத்தனையோ பேருக்குத் திரும்பிப் போக வேலை இல்லை.

பஜாரின் கதையும் இதுதான். 2016 நவம்பர் 8 இரவில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாக் காசாயின. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தது. பிறகு விரல் நுனியில் வியாபாரம் வந்து விட்டது. வாடிக்கையாளர் நம் கடைக்கு வந்து சட்டையை அளந்து பார்த்து விட்டு, வாசலில் நின்றபடியே செல்போனில் வேறிடத்தில் வாங்குகிறார்.

இந்தப் பட்டியலைத் தருவது பயமுறுத்துவதற்காக அல்ல. தொழில் மாறுவது தனி மனிதனின் தோல்வி அல்ல என்பதை உணர்த்துவதற்காக! சட்டம் மாறினால், சந்தை மாறினால், எப்பேர்ப்பட்ட திறமைசாலியும் வேறு வழி தேட வேண்டியதுதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மூன்று படுகுழிகள்

ஊர் திரும்புகிறவர்களின் பணம் பெரும்பாலும் மூன்று குழிகளில்தான் விழுகிறது.

ஒன்று, பார்த்த கடையையே வைப்பது. ஒரு தெருவில் ஒரு செல்போன் கடை நன்றாக ஓடினால் ஆறு மாதத்தில் அங்கே நான்கு கடைகள். பேன்சி ஸ்டோர், பிரியாணிக் கடை, அத்தர் கடை எல்லாம் இப்படித்தான். இருக்கிற வாடிக்கையாளர்களை நான்காகப் பங்கு போட்டால் நான்கு பேரும் பட்டினிதான். உள் அலங்காரத்துக்கு ஐந்து லட்சம், அட்வான்ஸ் மூன்று லட்சம், திறப்பு விழாவுக்கு ஐம்பதாயிரம் என்று செலவழித்து விட்டு, சரக்கு வாங்கக் கடன் கேட்டு அலைகிறவர்களை நாம் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறோம். கண்ணாடிக் கதவு வியாபாரம் செய்யாது, சரக்குதான் செய்யும்.

இரண்டு, உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படுவது. "லட்சம் கொடுங்கள், மாதாமாதம் லாபம் வரும், எல்லாம் ஹலால்" என்று தாடியும் தொப்பியுமாக யாராவது வந்து விட்டால், இருபது ஆண்டு வியர்வையை ஒரு கையெழுத்தில் கொடுத்து விடுகிறோம். பெங்களூருவில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் 2019 ஜூனில் இடிந்து விழுந்தபோது, பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் காவல் நிலைய வாசலில் புகார் மனுவோடு வரிசையில் நின்றன. என்ன வியாபாரம், எங்கே கிடங்கு, யார் கணக்குத் தணிக்கையாளர், நட்டம் வந்தால் யார் பொறுப்பு? இந்த நான்கு கேள்விகளைக் கேட்டிருந்தால் எத்தனை பெண்களின் நகை மிஞ்சியிருக்கும்! வியாபாரம் என்றால் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. நட்டமே வராது, மாதாமாதம் இத்தனை ரூபாய் நிச்சயம் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்து விட வேண்டும்.

மூன்று, திரும்பவும் விசாவுக்குக் கடன் வாங்குவது. ஐம்பது வயதில், முன்பு வாங்கிய சம்பளத்தில் பாதிக்கு, முன்பு செய்யாத கடின வேலைக்கு, ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்துப் போகிறார்கள். உள்ளூரில் சும்மா இருக்கிறார் என்ற பேச்சுக்கு அஞ்சியே போகிறவர்கள் இவர்களில் அதிகம். சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்புமாக இரண்டாம் ஆண்டே திரும்பி வருகிறார்கள். அந்தக் கடனை அடைக்க, கல்லூரியில் படிக்கும் மகன் படிப்பை நிறுத்தி விட்டு விமானம் ஏறுகிறான். தந்தையின் தவறான தொழில் முடிவு மகனின் தலைமுறையையும் விழுங்கி விடுகிறது. இதுதான் நம்மை உறங்க விடாத கவலை!

வென்றவர்கள் எப்படி வென்றார்கள்?

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாற்றை மேடை தோறும் கேட்கிறோம். நாற்பது வயதையொட்டிய பருவத்தில், மக்காவில் இருந்த செல்வத்தையெல்லாம் விட்டு வெறுங்கையோடு மதீனா வந்தவர். அன்சாரித் தோழர் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவருக்காகப் பிரார்த்தித்து விட்டு, கடைவீதிக்கு வழி காட்டச் சொன்னார். நெய்யும் பாலாடைக் கட்டியும் வாங்கி விற்பதில் தொடங்கினார். இதைக் கேட்டு உருகுகிறோமே தவிர, இதில் இருக்கும் தொழில் நுட்பத்தைக் கவனிப்பதில்லை. ஊர் புதிது, முதல் இல்லை. ஆனால் வாங்கி விற்கும் கலை பழையது. அதை அவர் மக்காவிலேயே விட்டு விட்டு வரவில்லை. சிறிய சரக்கு, விரைவாகப் புரளும் சரக்கு, அன்றாடம் தேவைப்படும் சரக்கு என்று பார்த்துத் தொடங்கினார்.

நம் காலத்து உதாரணமும் உண்டு. கீழக்கரையில் 1927ல் பிறந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் இளமையில் இரத்தினக்கல் வணிகர். 1973ல், நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய நிலையில், துபாயில் ஈ.டி.ஏ. நிறுவனத்தைத் தொடங்கினார். கல் வியாபாரம் எங்கே, கட்டுமானம் எங்கே! பிறகு 1984ல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். "அவரிடம் பணம் இருந்தது, செய்தார்" என்று சொல்லி விடலாம். உண்மைதான். ஆனால் பணம் இருந்த எல்லோரும் இதைச் செய்யவில்லையே! கடல் கடந்த வணிகத்தில் அவர் சம்பாதித்த மனிதத் தொடர்பும் நாணயமும் புதிய தொழிலுக்கு அவரோடு கூடவே வந்தன.

பர்மா பஜார்க்காரர்களையும் தோல் வணிகர்களையும் இவர்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரு பொது விதி தெரியும். யாரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றவில்லை. சரக்கை மாற்றியவர்கள் வணிகத்தை விடவில்லை. ஊரை மாற்றியவர்கள் தொழிலை விடவில்லை. தெரிந்த பாதியைக் கையில் பிடித்துக் கொண்டு, தெரியாத பாதியைக் கற்றுக் கொண்டார்கள். நடுவயதில் தொழில் மாற்றத்துக்கு இதை விட நல்ல சூத்திரம் நமக்குத் தெரியவில்லை.

இருபது ஆண்டு ஜித்தாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர் ஊருக்கு வந்து பலசரக்குக் கடை வைக்கிறார். ஏன்? "ஊரில் வந்தும் ஸ்பேனர் பிடிப்பதா?" என்ற கௌரவம்! தெரிந்த தொழிலில் கௌரவம் பார்த்து, தெரியாத தொழிலில் முதலைக் கொட்டுகிறார். அவரே இரண்டு பையன்களைச் சேர்த்துக் கொண்டு, மருத்துவமனைகளிலும் திருமண மண்டபங்களிலும் ஏ.சி. பராமரிப்பை ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தால் என்ன குறைந்து விடும்? கிடங்கில் கணக்கு எழுதியவர் மொத்த வியாபாரியின் சரக்கு நிர்வாகத்தைப் பார்க்கலாம். பெரிய சமையல் கூடத்தில் வேலை பார்த்தவர் முதலில் கடை வைக்காமல், ஆர்டர் எடுத்துச் சமைத்துக் கொடுக்கலாம். வாடகையும் இல்லை, மிஞ்சிப் போன சோறும் இல்லை.

கணக்கைச் சரியாகப் போடுங்கள்!

ஊருக்குத் திரும்பும் நாளில் அல்ல, திரும்புவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே திட்டம் தொடங்க வேண்டும். விடுமுறையில் வரும் இரண்டு மாதத்தையும் விருந்துக்கும் வீட்டுக்கு மாடி எழுப்பவும் செலவிடாமல், ஒரு மாதம் நினைத்த தொழிலைச் சுற்றிப் பார்க்கச் செலவிடுங்கள்.

முதலில், வர வேண்டிய பணம் வந்ததா? சவூதி தொழிலாளர் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளமும், அதற்குப் பிந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளமும் பணிக்கொடை உண்டு. பதினெட்டு ஆண்டுகள் உழைத்தவருக்குப் பதினைந்தரை மாதச் சம்பளம்! 2,000 ரியால் வாங்கியவருக்கு 31,000 ரியால். நம் பணத்தில் ஏறக்குறைய ஏழு லட்சம். ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், பிறகு 30 நாள் சம்பளம். வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாளர்களுக்கு விதி வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். கபீல் நீட்டிய தாளில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு விட்டு வருகிறவர்கள், தங்கள் புதிய தொழிலின் முதலையே அங்கே விட்டு விட்டு வருகிறார்கள். சவூதியில் இந்த உரிமையைக் கேட்க வேலை முடிந்த நாளிலிருந்து 12 மாதம்தான் அவகாசம்.

அடுத்து, வந்த பணத்தைப் பிரிக்க வேண்டும். பன்னிரண்டு லட்சம் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். வீட்டுச் செலவு மாதம் இருபத்தைந்தாயிரம் என்றால், ஓராண்டுக்கு மூன்று லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்து விடுங்கள். கடை அதைத் தொடக் கூடாது. மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கும் இரண்டு லட்சம். மீதம் ஏழு லட்சம். அந்த ஏழையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். நான்கு லட்சத்தில் தொடங்குங்கள். மூன்று லட்சம் கையில் இருக்கட்டும். முதல் முயற்சி சறுக்கினால் இரண்டாவது முயற்சிக்கு அதுதான் கைத்தடி. இருபத்தைந்து வயதில் விழுந்தால் எழுந்து கொள்ளலாம். ஐம்பதில் விழுந்தால் தூக்கி விட ஆள் வேண்டும். அந்த ஆள் இந்த மூன்று லட்சம்தான்.

மூன்றாவதாக, கடை வைக்கும் முன் ஆறு மாதம் அதே வியாபாரத்தில் இன்னொருவரிடம் வேலை பாருங்கள். வெளியூரில் என்றாலும் பரவாயில்லை. எந்தச் சரக்கு எங்கே மலிவு, எந்த மாதம் வியாபாரம் படுக்கும், கடன் சொல்லிப் போகிறவர்கள் எத்தனை பேர், எவ்வளவு சரக்கு கழிவாகும் என்பதெல்லாம் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றால்தான் தெரியும். நாற்பத்தைந்து வயதில் இன்னொருவரிடம் சம்பளம் வாங்குவதா என்ற எண்ணம் வரும். ஆறு மாதத்தில் அந்த எண்ணம் போய் விடும். தெரியாமல் தொடங்கிய தொழிலில் போன முதலோ வராது!

நான்காவதாக, பஜார் வணிகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடையை மூடி விட்டு வேறு தொழிலுக்குத் தாவ வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லவில்லை. உங்கள் கடையில் எந்தச் சரக்கு லாபம் தருகிறது, எது இடத்தை அடைத்துக் கொண்டிருக்கிறது என்று மாதம் ஒரு முறை எழுதிப் பாருங்கள். மூன்று ஆண்டுக் கணக்கும் இறங்குமுகம் என்றால் அதுதான் எச்சரிக்கை மணி. அப்போது மாறினால் உங்கள் விருப்பத்தில் மாறுகிறீர்கள். காத்திருந்தால் கடன்காரர் மாற்றி விடுவார்.

அனுபவத்துக்குக் காகிதம் வேண்டாமா?

நம்மவர்களிடம் தொழில் இருக்கிறது, சான்றிதழ் இல்லை. இது பெரிய குறை. அங்கே கம்பெனி அடையாள அட்டையே சான்றாக இருந்தது. இங்கே ஒப்பந்தம் கேட்டுப் போனால் "என்ன சர்டிபிகேட்?" என்கிறார்கள்.

தமிழக மின் உரிமம் வழங்கும் வாரியத்துக்காக மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்தப்படுகிறது. வயரிங் தொழிலில் ஐந்தாண்டு அனுபவமும் 21 வயது நிறைவும் இருந்தால் எழுதலாம். உச்ச வயது வரம்பு கிடையாது. ஐ.டி.ஐ. படிக்காதவர்கள் அனுபவத்தைக் காட்டி அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதவும் வழி உண்டு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எந்த வயதிலும் எழுதலாம். சிறுதொழில் தொடங்குகிறவர்கள் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவைக் கட்டணமில்லாமல் செய்து கொள்ளலாம். 2025ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் சேரக் குறைந்தபட்ச வயதே 35! வயது இங்கே தடையாக இல்லை, தகுதியாகவே ஆகியிருக்கிறது.

"இந்த வயதில் பரீட்சையா?" என்று சிரிக்க வேண்டாம். இப்னு கல்தூன் அரசியல் பதவிகளிலிருந்து விலகி, ஒரு கோட்டைக்குள் ஒதுங்கி, வரலாற்றுக் கலைக்கே அடித்தளமிட்ட முகத்திமாவை 1377ல் எழுதியபோது அவருக்கு வயது 45. மந்திரி வேலை போன பிறகுதான் அவர் உலகத்துக்கு ஆசிரியரானார்.

வீட்டுக்குள் இருக்கும் நிதியமைச்சர்

இந்த விஷயத்தில் நாம் அறவே கலந்து பேசாத ஒருவர் இருக்கிறார். அவர்தான் மனைவி. கணவர் இருபது ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தபோது வங்கிக்குப் போனதும், கொத்தனாரிடம் கணக்குப் பார்த்ததும், பள்ளிக் கட்டணம் கட்டியதும், மாமனார் மாமியாருக்கு மருத்துவம் பார்த்ததும் அவர்தான். ஊர் நிலவரம் கணவரை விட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கடை வைக்கும் முடிவை மட்டும் டீக்கடை பெஞ்சில் நண்பர்களோடு எடுக்கிறோம்! இது அநியாயம் மட்டுமல்ல, அறிவீனமும் கூட.

குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். வருமானம் குறையும் அந்த முதல் இரண்டு ஆண்டுகளில் எதைக் குறைப்பது என்பதைப் பிள்ளைகளும் அறியட்டும். ஊர் மெச்சத் திருமணம் நடத்துவதைக் குறைக்கலாம். பிள்ளைகளின் படிப்பைக் குறைக்கக் கூடாது. மகளின் கல்லூரிப் படிப்பை நிறுத்திச் சேமித்த பணத்தில் ஓடும் கடை நமக்கு வேண்டாம்.

ஜமாஅத்துகளே, சங்கங்களே!

தனி மனிதருக்கு மட்டும் உபதேசம் செய்து விட்டு ஒதுங்கிக் கொள்வது நம் வழக்கமல்ல. சமுதாய அமைப்புகளுக்குக் கடமை இல்லையா?

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஊர் திரும்பியவர்களின் பெயர், தொழில், அனுபவம் மூன்றையும் எழுதிய ஒரு பதிவேடு இருக்கட்டும். பள்ளிவாசலில் மின் வேலை வந்தால் வெளியூர் ஆளைத் தேடுகிறோம். மூன்றாவது தெருவில் ரியாதில் பதினைந்து ஆண்டு எலக்ட்ரீஷியனாக இருந்தவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

பைத்துல்மால் நிதி மாத அரிசிக்கும் மருந்துக்கும் மட்டும் என்றிருப்பது போதாது. வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கம் போகாதவர், வட்டிக்காரரிடம் போய் விழுகிற கொடுமை நம் ஊர்களில்தான் நடக்கிறது. ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று வட்டியில்லாக் கடன் கொடுத்து, மாதத் தவணையில் திருப்பி வாங்கி, அடுத்தவருக்குக் கொடுக்கும் நிதியாக ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கலாம். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். வாங்கியவர் திருப்பிக் கொடுப்பதைக் கடமையாக நினைக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நிதி கரைந்து விடும்.

வக்பு கடைகளை வாடகைக்கு விடும்போது, உள்வாடகைக்கு விட்டுக் கொழுப்பவர்களை அப்புறப்படுத்தி, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் வழியில் வாய்ப்புக் கொடுக்க முத்தவல்லிகள் முன்வர வேண்டும். வணிகர் சங்கங்கள், ஒரே தெருவில் ஐந்தாவது செல்போன் கடை வைக்க வருகிறவரை அழைத்து உட்கார வைத்து உண்மை நிலவரத்தைச் சொல்ல வேண்டும். போட்டியாளரை விரட்டுவதாக அல்ல, ஒரு சகோதரரின் முதலைக் காப்பதாக!

அரசுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. கேரளம் 1996லேயே வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கென்று நோர்கா என்ற தனித்துறை கண்டது. இரண்டாண்டுக்கு மேல் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்கள் தொழில் தொடங்க மூலதன மானியத்தோடு அங்கே திட்டம் வகுத்தார்கள். தமிழகத்திலும் அயலகத் தமிழர் நலனுக்கென்று துறை இருக்கிறது. நல வாரியம் இருக்கிறது. ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினம் என்று 2021ல் அறிவித்தார்கள். மகிழ்ச்சி. ஆண்டுக்கு ஒரு நாள் விழாவோடு நின்று விடாமல், கூலித் தொழிலாளியாகப் போய்த் திரும்பியவர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் பத்து முறை அலையாமல் உதவி பெறும் வழியைச் செய்ய வேண்டும். அந்நியச் செலாவணி அனுப்பிய கைகளுக்கு நாடு பட்ட கடன் அது. சலுகை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இளைஞர்களே, உங்களுக்கு!

உங்கள் தந்தையோ சிறிய தந்தையோ இன்று வேலையின்றி வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. படிவமும், செல்போனில் ஆர்டர் எடுப்பதும், சரக்கைப் படம் பிடித்துப் போடுவதும் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உங்களிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறது. பேரம் பேசும் பொறுமை, ஆளைப் பார்த்த உடன் எடை போடும் கண், பத்து மணி நேரம் நின்று உழைக்கும் பழக்கம். இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒன்று சேராமல் இருக்கின்றனவே! மாலையில் ஒரு மணி நேரம் அவருக்குக் கற்றுக் கொடுங்கள். அவரிடம் கற்றுக் கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறந்து விடாதீர்கள். இன்று உங்களுக்கு இருபத்திரண்டு வயது. நீங்கள் படிக்கும் தொழில் நாற்பத்தைந்தாவது வயது வரை அப்படியே இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஒரு தொழிலைப் பிழைப்பாகவும் இன்னொரு தொழிலைப் பழக்கத்திலும் வைத்துக் கொள்ளுங்கள். வெளிநாடு போவதானால் கையில் ஒரு தொழிலோடும் அதற்கான சான்றிதழோடும் போங்கள். முதல் சம்பளத்திலிருந்தே திரும்பி வரும் நாளுக்கென்று ஒரு பங்கை எடுத்து வையுங்கள்.

சபுர் என்றால் பயணம். பயணம் என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. போனவர் திரும்பத்தான் வேண்டும். திரும்பியவரைக் கண்டால் இனி "எப்ப போறீங்க?" என்று கேட்பதை விட்டு விடுவோம். "இங்கே என்ன செய்யப் போகிறீர்கள், நான் எதில் உதவட்டும்?" என்று கேட்கப் பழகுவோம். அந்தக் கேள்வி ஒவ்வொரு தெருவிலும் கேட்கத் தொடங்கினால், நாற்பத்தைந்து வயதில் யாரும் தலை குனிந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இன்ஷா அல்லாஹ்!